படகுக்கு அடியில் வாசல் இல்லை

முதலில் கேட்டது அந்தச் சீறல்தான். இராஜபாளையத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் இருந்த டீக்கடையில் நின்றேன். அடுப்புக்கு அடியில் கேஸ் ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பால் பொங்கிற்று, வடை எண்ணெயில் புரண்டது, பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடி இஞ்சி டீயை முகர்ந்தார். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனபோது என் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாசனையில்லாத ஊருக்குள் நுழைவது, சத்தத்தை அணைத்துவிட்டுச் சினிமா பார்ப்பது போல. எல்லோரும் எதற்கோ முகம் மலர்கிறார்கள், எதற்கோ சுளிக்கிறார்கள், எதற்கென்று தெரிவதில்லை.

அந்தச் சீறலோடு மாடசாமி ஞாபகத்துக்கு வந்தார். ஆலப்புழையில், என் படகின் சமையல்கட்டில், தரையில் குப்புறப் படுத்துப் பலகை இடுக்கில் மூக்கை வைத்திருந்த மாடசாமி.

"அண்ணாச்சி, கேஸ் வாடை வருது."

நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றேன். மூக்கில்லாதவன் முகர்ந்து சொன்ன தீர்ப்பு அது.

எட்டு வருடமாக ஆலப்புழைக் காயலில் ஒரு தங்கும் படகு ஓட்டுகிறேன். இரண்டு அறை, மேலே ஒரு தளம், பின்பக்கம் சமையல்கட்டு. பாதிப் பங்கு என்னுடையது, மறுபாதி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தறி போட்டிருக்கும் சரோஜினி அக்காவுடையது. மாடசாமி மூன்று வருடமாக எங்கள் சமையல்காரர், ஊர் மம்சாபுரம். ஒரு மாதமாகக் கேஸ் வாடை, கேஸ் வாடை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தரையோரம் மாட்டியிருந்த கேஸ் அலாரமும் சேர்ந்து கத்தியது. விருந்தாளிகள் முகம் சுளித்ததால் அதன் வயரைப் பிடுங்கி வைத்தேன். ஒன்பது நாளைக்கு முன் விருந்தாளிகள் முன்னால் மாடசாமி மறுபடி சொன்னார். "நல்லா சமைப்பார், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி" என்று நான் சிரித்தேன். அடுத்த படகுத்துறை வந்ததும் கைலியையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்தான். போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டார் படகைக் கேட்டிருந்தார்கள். அதற்குள் அவரை அழைத்துப் போகவேண்டும். வெளியே சொன்ன காரணம் அது. உள்ளுக்குள் ஓடியது வேறு. என் படகுக்குள் கேஸ் இருக்கிறதா, இல்லையா? பார்த்தால் தெரியாது, எனக்கு முகர்ந்தாலும் தெரியாது. தெரிந்த ஒரே மூக்கை நான் கேலி செய்து இறக்கிவிட்டிருக்கிறேன்.

*

அக்கா வீட்டில் கீழே தறி, மேலே குடித்தனம். தறிச் சத்தம் தரை வழியாகக் கால் ஏறி, சாப்பிடும்போது பல்லில் வந்து ஒலிக்கிறது. கொல்லையில் வெளுத்த துணி நீள நீளமாகக் காய்கிறது. எங்கள் காயலில் விடியற்காலைப் பனி இப்படித்தான் கிடக்கும். ஒரு கணம் எந்த ஊரில் நிற்கிறேன் என்று குழம்பிப்போனேன். மலை பக்கத்தில் நின்றதால் தெளிந்தேன். எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்க்க ஒன்றும் கிடையாது, எல்லாம் படுத்தே கிடக்கும்.

அக்காவுக்கு வயது அறுபது இருக்கும். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், தறிக்காரர்களிடம் இரண்டையும் கலந்து அதட்டல். அந்த வீட்டில் பேண்டேஜ் துணி செய்யாத வேலை இல்லை. பால் வடிகட்ட, மாம்பழக் கூடையை மூட, ஜன்னல் கண்ணாடி துடைக்க, எல்லாவற்றுக்கும் கழிவுத் துணிதான். தறிக்கூடச் சுவரில் ஒரு துவாரம்கூட விடமாட்டார்கள். எலி வந்தால் நூலைக் கடிக்கும், தூசி வந்தால் துணி கறையாகும், அப்படிப்பட்ட துணி ஆஸ்பத்திரிக்குப் போகாது. எங்கே ஓட்டை கண்டாலும் ஒரு உருண்டை துணி. அது அக்காவின் கைப்பழக்கம்.

தோசையோடு கறியை அள்ளி வைத்தார். காரம் தெரிந்தது, உப்பு தெரிந்தது, கறி தெரியவில்லை. போதும் என்று இலையில் கை வைத்தால், "ஒத்து, ஒத்து" என்று, கூடாது என்பதைத் தெலுங்கில் சொல்லி, என் கையைத் தடுத்துவிட்டு இன்னொரு கரண்டி.

"அவன் வரமாட்டான் தம்பி. பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துட்டான்னா கிரேன் வச்சுத்தான் தூக்கணும். கேஸ் வாடையாம்! அடுப்பு எரியிற எடத்துல மல்லிகைப்பூ வாடையா வரும்?"

"ஒருவேளை நிஜமா இருந்தா, அக்கா?"

"போன மாசம் நானே வந்து பாத்தேன்ல? ஒரு வாடையும் இல்ல. காயல் காத்துதான் ஜம்முன்னு வந்துச்சு."

அக்கா அன்று மேல் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாடசாமி இரவில் படுப்பது சமையல்கட்டுத் தரையில். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவர் நறுக்கித் தந்த மாம்பழத்தின் இனிப்பை மட்டும் தின்று முடித்தேன்.

*

வெள்ளிக்கிழமை காலை மம்சாபுரம் போய் இறங்கினேன். மாடசாமி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி புடைத்தபடி, "அவிய ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குல்லா போறாவ, பால்கோவா கடைக்கு" என்றாள். எந்தக் கடை என்று கேட்டேன். "பால்கோவா கடைதான்" என்றாள். அந்த ஊரில் அது முகவரியே அல்ல என்று பிறகு புரிந்தது.

அடுத்து வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கினார், எஞ்சினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பீடி பற்றவைத்தார். "பெல்ட்டு போச்சு" என்றார் கண்டக்டர். "செத்த நேரத்துல வேற வண்டி வரும்." பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "போன வாரமும் இதே எடத்துலதான் சொன்னிய. அந்த வண்டி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

எங்கள் ஊரில் படகு நின்றால் மிதந்துகொண்டாவது இருக்கும். பஸ் நின்றால் நின்றதுதான். இருபுறமும் வயல், தூரத்தில் மலை, நடுவில் முப்பது பேர் ஒரு திசையைப் பார்த்தபடி. கேன் கட்டிய பைக்கில் ஒரு பால்காரர் வந்தார். கை காட்டினேன். இரண்டு கேனுக்கு நடுவில் என்னைச் செருகிக்கொண்டார்.

"மாடசாமியா? போட்டுல சமைச்ச மாடசாமிதானே? நான் பால் ஊத்துற கடையிலதான் இருக்கான். ஏன் அண்ணாச்சி, போட்டுல கேஸ் வாடை வருதுன்னு சொன்னதுக்கு எவனோ ஒரு மொதலாளி அவனைப் பயந்தவன்னு சொல்லிட்டானாமே? அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"எப்பிடிப்பட்ட ஆளு?"

"கொஞ்சம் குழப்பமான ஆளு."

கேன்கள் இரண்டும் என் விலாவில் மாறி மாறி இடித்தன.

*

கடை முன்பக்கம், சமையல்கூடம் பின்பக்கம். கூடத்துக்கு வெளியே கம்பிக் கூண்டுக்குள் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. கூண்டின் கம்பியில், கசிவு பார்க்க ஒரு சோப்புக் கிண்ணமும் ஷேவிங் பிரஷும் தொங்கின. உள்ளே, இடுப்பளவு இரும்புச் சட்டிக்கு முன்னால், துடுப்பைப் பிடித்தபடி மாடசாமி.

"வாங்க அண்ணாச்சி" என்றார். துடுப்பு நிற்கவில்லை. பால் சுண்டும் நேரத்தில் கை நின்றால் அடிப்பிடித்துவிடும். அதனால் எங்கள் சண்டையை அவர் கிண்டிக்கொண்டேதான் போடவேண்டியிருந்தது.

முன்கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி முத்துலட்சுமி கதவோரம் வந்து நின்றார். "இவியதானா அது? மூக்கில்லாம மோந்து பாத்த மகராசன்?"

"ஏட்டி, சும்மா இரு" என்றார் மாடசாமி.

"நான் சும்மாதான் இருக்கேன். அவியதான் சும்மா இருக்க முடியாம இம்புட்டு தூரம் வந்திருக்காவ."

நான் ஞாயிற்றுக்கிழமை சவாரியைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். "மாடசாமி, நிஜமாவே வாடை வந்துச்சா?"

"நாலு வாட்டி சொல்லியாச்சு. அஞ்சாவது வாட்டியும் சொல்லணுமா?"

"எனக்குத்தான் புரியல. அடுப்பு ஓரம் எல்லாம் சோப்புத் தண்ணி தடவினீங்களே, ஒரு குமிழிகூட வரலையே. ஜன்னலும் திறந்துதானே இருந்துச்சு. வாடை எங்கிருந்து வரும்?"

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் ஓர் ஆச்சரியம் ஏறியது. நான் வேண்டுமென்றே மறுத்ததாக ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேஸின் போக்கு எனக்கு உண்மையாகவே தெரியாது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"கேஸு மேல போவாது அண்ணாச்சி. தண்ணி மாதிரி, கீழதான் எறங்கும். இந்தா, இங்க ஒழுகுச்சுன்னா தரையோட தரையா ஓடி, வாசப்படி வழியா, சாக்கடைக் குழி வழியா வெளிய போயிரும். கதவைத் தொறந்து வச்சாப் போதும். போட்டுக்கு அடியில வாசல் ஏது? தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதானே போட்டு கட்டுறாவ? தண்ணி உள்ள வர முடியாத எடத்துல இருந்து கேஸு எப்பிடி வெளிய போவும்? ஜன்னலைத் தொறந்தா ஜன்னலுக்கு மேல இருக்கிற காத்துதான் போவும். அது பலகைக்கு அடியில, எஞ்சின் பக்கத்துல, கெணத்துத் தண்ணி மாதிரி கெடக்கும்."

துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கால் கூசியது. எட்டு வருடம் அந்தப் பலகை மேல் நடந்திருக்கிறேன்.

"அடுப்புப் பக்கம் குமிழி வரல, சரி. சிலிண்டர் பொட்டியை நான் பாக்கலையே. அம்மா வந்தப்ப, களவு போயிரும்னு பூட்டு போட்டுட்டுப் போனாவ. சாவி பிஜுட்ட. சிலிண்டர் மாத்துறது அவன் வேலைன்னு எனக்குத் தொறந்து காட்ட மாட்டேன்னுட்டான்."

அம்மா என்று அவர் சொல்வது சரோஜினி அக்காவை. பிஜு எங்கள் படகோட்டி. சிலிண்டர் பெட்டி பின் தளத்துக்கு வெளியே, படகின் விளிம்பில் இருக்கிறது.

"பொட்டிக்குள்ள ஒழுகுனாலும் மோசமில்லதான்" என்றார் மாடசாமி. "பொட்டி அடியில ஒரு ஓட்டை வச்சிருக்காவல்ல, அது வழியா கேஸு வெளிய காயல்ல விழுந்துரும். அதுக்குத்தான் அந்த ஓட்டை. அது தொறந்து இருந்துச்சுன்னா வாடை உள்ள வரக் காரணமே இல்ல. அதான் எனக்கும் புரியல."

அந்தக் கூடத்தில் குழம்பியிருந்தது நான் மட்டுமில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. ஒரு வினாடிதான்.

"வாடை எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"அம்மா வந்துட்டுப் போன பொறவு."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் கையிலிருந்த போனைப் பார்த்தோம்.

*

தறிச் சத்தத்துக்கு மேல் அக்காவின் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்தப் பொட்டியா? அடில ஒரு ஓட்டை இருந்துச்சு தம்பி, விரல் மொத்தத்துக்கு. எலி ஏறி வந்து டியூபைக் கடிக்காதா? நான்தான் நல்ல துணியா உருட்டி, தண்ணில நனைச்சு, இறுக்கி அடைச்சேன். சொல்ல மறந்துட்டேன். என்ன, இப்பவும் கெட்டியா இருக்கா?"

மாடசாமியின் துடுப்பு நின்றது. முத்துலட்சுமி ஓடிவந்து அதை வாங்கிக் கிண்ட ஆரம்பித்தார்.

ஒழுகிய கேஸ் பெட்டிக்குள்ளேயே நிரம்பி, அடுப்புக்குப் போகும் டியூப் நுழையும் துளை வரைக்கும் ஏறி, அது வழியாகப் படகுக்குள் இறங்கியிருக்கிறது. எனக்கு அதைப் படமாகப் பார்க்க முடிந்தது. நிறமில்லாத ஒரு நீர்வீழ்ச்சி.

"நல்லவேளை, படகு கட்டித்தான் கிடக்கு" என்றேன்.

"எங்க கட்டிக் கெடக்கு? ஒன்பது நாளா சும்மா கெடக்கேன்னு நான்தான் பிஜுட்ட சொல்லி இன்னைக்கு ஒரு பகல் சவாரி விட்டிருக்கேன். சமையலுக்குக் கூலிக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கான். நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

மணி பதினொன்றரை. பிஜுவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது. கூடத்தில் பால் கொதிக்கும் சத்தம் மட்டும். யாரோ எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள். உட்கார்ந்தேனா என்று நினைவில்லை.

ஐந்தாவது தடவை எடுத்தான். கோயில் துறையில் படகைக் கட்டிவிட்டதாகவும், பதினோரு பேரும் மேலே இருப்பதாகவும், கீழே கரிமீனில் மசாலா தடவி முடித்து இனி அடுப்பு மூட்டவேண்டியதுதான் பாக்கி என்றும் மலையாளத்தில் உற்சாகமாகச் சொன்னான்.

"மொதல்ல அவனை கரைக்கு எறங்கச் சொல்லுங்க" என்றார் மாடசாமி. "பொறவு பேசட்டும்."

அவர் தமிழில் சொல்ல, நான் மலையாளத்தில் சொன்னேன். அடுப்பு மூட்டாதே. ஒரு சுவிட்சையும் தொடாதே, ஓடுகிற ஃபேனை அணைக்கவும் வேண்டாம், எஞ்சின் சாவியைத் தொடாதே. எல்லாரையும் கரைக்கு இறக்கு, பீடி சிகரெட் யாரும் பற்றவைக்கக் கூடாது. போனைக் கரையிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்ச் சிலிண்டரை மூடு. அப்புறம் பெட்டிக்கு அடியில் இருக்கிற துணியை உருவி எடு.

போன் யாரோ ஒரு விருந்தாளி கைக்குப் போனது. அந்த அம்மாள் எங்களுக்கு நேர்முக வர்ணனை சொன்னார். அவர் பாஷையிலிருந்து என் பாஷைக்கு மாற்றிச் சொல்கிறேன்: "உங்கள் ஆள் பெட்டியைத் திறக்கிறார். ஏதோ துணியை இழுக்கிறார். இன்னும் இழுக்கிறார். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா? இது கட்டுப் போடுகிற துணி மாதிரி இருக்கிறதே?"

"பலகையைத் தூக்கி, வாளியால அள்ளி வெளிய கொட்டச் சொல்லுங்க" என்றார் மாடசாமி. "பிளாஸ்டிக் வாளி. இரும்பு வேண்டாம், ஒரசுனா பொறி வரும்."

"எதை அள்ள?"

"கேஸைத்தான். தண்ணியை எறைக்கிற மாதிரி."

வர்ணனை தொடர்ந்தது: "வெறும் வாளியால் வெறும் படகை இறைக்கிறார். குழந்தைகள் சிரிக்கின்றன. அவரும் கரையைப் பார்த்துச் சிரிக்கிறார். இதோ குனிகிறார்." பிறகு அந்த அம்மாள் பேசவில்லை. பின்னால் சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் போனில் மூச்சிரைப்பு கேட்டது. பிஜு.

"சேட்டா" என்றான். "இருக்கு. அடியில் முழுக்க இருக்கு. மூக்கை வைக்க முடியவில்லை."

மாடசாமிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"மதியம் வரைக்கும் எறைக்கட்டும்" என்றார். "பலகை தொறந்தே கெடக்கட்டும். இன்னைக்கு அந்தப் போட்டுல யாரும் ஏறக்கூடாது. சாப்பாட்டை ஓட்டல்ல வாங்கிக் குடுங்க." துடுப்பை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டார். சட்டி ஒருபக்கம் லேசாக அடிப்பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அதுவும் தெரியவில்லை.

"உங்களை அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தேன். பாலைப் பார்த்துத்தான் வந்தது. "பயந்தது நானாத்தான் இருந்திருக்கணும்."

கூடத்தில் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாடசாமி காதோரம் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

*

மூன்று மணிக்கு அக்கா காரில் வந்து இறங்கினார். சமையல்கூடத்து வாசலில், வெளுத்த முகத்தோடு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"மாடசாமி, அடைச்சது நான்தான்."

"தெரியும்மா."

"எலி வரும்னுதான்."

"எலி டியூபைக் கடிக்கும்னு நெனச்சது சரிதாம்மா. கம்பி வலை அடிங்க. துணி வேண்டாம்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அக்காவுக்கு அது போதவில்லை. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் திட்டவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். முன்கடைக்குப் போய், தேவைக்கு மேல் பால்கோவா வாங்கி, அதில் ஒரு பொட்டலத்தைக் கட்டிக்கொடுத்த முத்துலட்சுமியிடமே நீட்டினார். "இங்க நாள் பூரா இதைத்தான்மா பாக்கேன்" என்று முத்துலட்சுமி சிரித்தார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்கள். சூடு, மணல் போன்ற நெருநெருப்பு, பிறகு இனிப்பு. நடுவில் இருக்கவேண்டிய பால் எங்கேயோ போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டாருக்குப் போன் செய்து, படகு வராது என்றேன். காரணம் கேட்டார்கள். படகில் பழுது என்றேன். பழுது என்னிடமும் இருந்தது என்பதைப் போனில் எப்படிச் சொல்வது?

வருகிறேன் என்றும் மாடசாமி சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்காவின் காரில் திரும்பும்போது வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். 

*

சனிக்கிழமை காலை மாடசாமி போனில் வரச் சொன்னார். போனால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். மாடசாமி கையில் பழைய பை, முத்துலட்சுமி கையில் தூக்குச்சட்டி. முந்தின இரவு பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். யார் யாரைச் சம்மதிக்க வைத்தார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

"பொட்டிச் சாவி என்ட்ட இருக்கணும்" என்றார் மாடசாமி.

"சரி."

"டியூபு, ரெகுலேட்டர் ரெண்டும் புதுசா மாத்தணும். நான் பாத்துதான் வாங்குவேன்."

"சரி."

"ராத்திரிக்கு மெயின் வால்வை மூடுறது என் வேலை. பிஜு கை படக்கூடாது."

"சரி."

"எல்லாத்துக்கும் சரின்னா எனக்கே சந்தேகமா இருக்கு அண்ணாச்சி."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். முத்துலட்சுமி தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாக நீட்டினார். என்னை ஒரு தடவை பார்த்தார், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என்னை விட்டுவிட்டுப் புருஷனிடம் குனிந்தார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், வண்டி நகர்கிறது, அவரும் கூடவே நாலு எட்டு நடந்தபடி சொன்னார்:

"ரெண்டு வாட்டி சொல்லுங்க. கேக்கலன்னா மூணாவது வாட்டி சொல்லிக்கிட்டு நிக்காதிய, எறங்கி வந்துருங்க."